இருபது மெகாபைட்

அத்தியாயம் 11

ஒன்றரை வருஷத்தில் அண்ணனுக்கு ஆறு கடிதம் எழுதியிருந்தாள் தையல்நாயகி. ஒவ்வொன்றிலும் நலம் விசாரிப்பு இரண்டு வரி. மீதியெல்லாம் ஹார்ட் டிஸ்க்.

எழுதச் சொன்னவன் அவள் புருஷன் கிருஷ்ணசாமி. எழுதும்போது பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வான். "இருபது மெகாபைட்டுன்னு தெளிவா எழுது. அதுக்குண்டான கார்டு, ஒயரு எல்லாம் சேத்துன்னு எழுது. ஒண்ணு இல்லன்னாலும் பிரயோஜனம் இல்ல."

மில்லில் பிட்டராக இருந்தவன் கிருஷ்ணசாமி. அந்த வேலை போனபின், டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த மனைவியைக் கம்ப்யூட்டர் படிக்க வைத்து, பாண்டிச்சேரி முத்தியால்பேட்டை வாடகை வீட்டின் முன்னறையில் ஒரே ஒரு மெஷினை வைத்து சென்டர் திறந்தான். பாடம் எடுப்பது அவள். மெஷினை உயிரோடு வைத்திருப்பது அவன்.

போன வாரம் தையல்நாயகி நேரு வீதியில் புதிதாகத் திறந்திருந்த சென்டரின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றாள். உள்ளே ஏ.டி. என்ற புது ரகத்தில் மூன்று மெஷின்கள், கலர் திரைகள். அவளிடம் படித்த ஆறு பேர் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி அவளைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். வீட்டுக்கு வந்தால் தந்தி கிடந்தது. பிரான்ஸிலிருந்து அண்ணன் அரிகிருஷ்ணன் சனிக்கிழமை வருகிறார். சாமானோடு.

இன்று சனிக்கிழமை.

ஐப்பசி மழை விடியற்காலையிலிருந்தே விட்டு விட்டுப் பெய்தது. காலை வகுப்புக்கு வந்த நாலு பேரையும் சாயங்காலம் வரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டு, கிருஷ்ணசாமி பழைய மெஷினின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தான். உள்ளேயிருந்த கார்டு ஒவ்வொன்றையும் பிடுங்கி, அதன் பித்தளைப் பற்களைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்தான். கடல் காற்று பதினைந்து நாளில் பச்சை பூக்க வைத்துவிடும். மழைக்காலம் வந்தால் ஃபிளாப்பியிலும் பூஞ்சணம்.

"இதுக்கப்புறம் ஃபிளாப்பிய மாத்தி மாத்திப் போட வேணாம் தையலு. சுவிட்சப் போட்டா நேரா வந்து நிக்கும்."

"ம்."

"அடுத்து மெமரிய மட்டும் அறநூத்தி நாப்பது கே ஆக்கிட்டா போதும்."

இரண்டு வருஷமாக இந்த வீட்டில் 'அது மட்டும் வந்துட்டா போதும்' என்ற பேச்சு ஓய்ந்ததில்லை. முதலில் ஸ்டெபிலைசர். அப்புறம் இரண்டாவது ஃபிளாப்பி டிரைவ். அப்புறம் பிரின்டர். ஒவ்வொன்றும் வருவதற்குள் நேரு வீதியில் அதற்கு அடுத்தது வந்துவிடுகிறது. ஓடிப்போய்ப் பஸ்ஸைப் பிடிக்கப் பார்த்து, ஒவ்வொரு ஸ்டாப்பிலும் அதன் பின்பக்கத்தை மட்டுமே பார்க்கிற மாதிரி அவளுக்கு அலுத்துப் போயிருந்தது.

ஏழரைக்கு ரிக்ஷா வந்து நின்றது.

அரிகிருஷ்ணன் இறங்கினார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு, பாரீஸுக்கு வெளியே ஒரு கம்பெனியில் காவலாளியாக இருப்பவர். வயது நாற்பத்தேழு. மூன்று வருஷத்துக்கு முன்னால் பார்த்ததைவிட இளைத்திருந்தார். எப்போதும் மூன்று பெட்டியோடு வருகிறவர் இந்தத் தடவை தோளில் ஒரே ஒரு பையோடு வந்திருந்தார்.

"அண்ணி வரலியா அண்ணே?"

"தனக்கொடிக்கு வக்கான்ஸ் கெடைக்கல, லீவு குடுக்கல. நான் மட்டுந்தான்."

காப்பியைக்கூடக் குடிக்காமல் பையைத் திறந்தார். கம்பளிச் சட்டைக்குள் சுற்றி, மேலே இன்னொரு கம்பளிச் சட்டை. அதற்குள் செங்கல் மாதிரி கறுப்பாக ஒன்று. கூடவே ஒரு கார்டு, பட்டையான இரண்டு ஒயர்.

கிருஷ்ணசாமி இரண்டு கையாலும் வாங்கினான். பிறந்த குழந்தையை முதல் தடவை தூக்குகிற ஆள் மாதிரி முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டான்.

"எல்லாம் சரியா இருக்கு மச்சான். ஒண்ணுகூட விட்டுப்போவல."

"நீங்க எழுதினத அப்படியே காமிச்சேன். குடுத்தாங்க."

கிருஷ்ணசாமி அதைத் திருப்பிப் பார்த்தான். பக்கவாட்டில் ஸ்க்ரூ மாட்டும் ஓட்டைகளைச் சுற்றிக் கீறல். மேலே ஒட்டியிருந்த சீட்டில் பேனாவால் 14 என்று எழுதியிருந்தது.

"புதுசுதானே மச்சான்?"

"கடைல எடுத்ததுதான் மாப்ள. மாட்டுங்க. மாட்டின ஒடனே அத என்னமோ சொல்லுவாங்களே... ஆங், பார்மட்டு. மொதல்ல அதப் பண்ணிடுங்க. உள்ள கண்டதும் இருக்கும், எல்லாம் அழிஞ்சுடட்டும்."

கிருஷ்ணசாமி நிமிர்ந்து மச்சானைப் பார்த்தான். ரேடியோவில் ஸ்டேஷன் மாற்றவே பக்கத்து ஆளைக் கூப்பிடுகிறவர். அவர் வாயில் பார்மட்டா? ஆனால் அவன் கை அதற்குள் ஸ்க்ரூ டிரைவரைத் தேடிக்கொண்டிருந்தது.

மாட்டுவதற்கு ஒரு மணி நேரம். ஒயரைச் செருகி, கும்பிட்டுவிட்டு சுவிட்சைப் போட்டான்.

ஒன்றும் ஆகவில்லை. ஃபேன் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. திரையில் வெளிச்சமே இல்லை.

அணைத்தான். மறுபடி போட்டான். அதே கதை.

"போச்சா?" என்றாள் தையல்நாயகி. அந்தக் கேள்வியில் பதற்றம்கூட இல்லை. எதிர்பார்த்தது போலத்தான் இருந்தது.

"இரு."

டிஸ்கின் ஒயரைப் பிடுங்கிவிட்டுப் போட்டான். மெஷின் பழையபடி உயிரோடு வந்தது. மறுபடி டிஸ்கை மாட்டினால் செத்துப்போனது. கிருஷ்ணசாமி தரையில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து, அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து, இரண்டாவது ஃபிளாப்பி டிரைவுக்குப் போகும் கரண்ட் ஒயரை எடுத்துவிட்டான்.

"இழுக்க முடியல அதுக்கு. மூணு பேருக்குச் சோறு போடற அளவுக்கு சப்ளை இல்ல. ஒருத்தன வெளிய அனுப்புனாத்தான் ஆவும்."

சுவிட்சைப் போட்டான்.

டிஸ்க் சுழல ஆரம்பித்தது. மெல்லிய ஓசை. அது ஏறி, ஏறி, ஒரு சீராக நின்றது. உள்ளே கடகடவென்று ஏதோ நகர்ந்தது. பச்சைத் திரையில் நாலைந்து வரி ஓடி, கடைசியில் வந்து நின்றது.

C>

"தையலு! வந்துடுச்சு, வந்துடுச்சு!"

ஃபிளாப்பியில் எப்போதும் A> தான் வரும். அந்த ஒரு எழுத்து மாறுவதற்குத்தான் ஒன்றரை வருஷக் காத்திருப்பு. கிருஷ்ணசாமியின் கண் கலங்கிவிட்டது. மனைவியைக் கையைப் பிடித்து இழுத்து நாற்காலியில் உட்கார வைத்தான். அவளும் சிரித்தாள். பின்னால் நின்ற அரிகிருஷ்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

"பார்மட்டு?" என்றார்.

"பண்ணலாம் மச்சான். மொதல்ல எல்லாம் ஒழுங்கா வேல செய்யுதான்னு பாக்கறோம்."

தையல்நாயகி A அடித்தாள். திரையில் Q விழுந்தது. மறுபடி அடித்தாள். மறுபடி Q. Q-வை அழுத்தினால் A.

"என்னாங்க இது, எழுத்து எடம் மாறி வருது?"

கிருஷ்ணசாமி கீ போர்டைத் தட்டிப் பார்த்தான். அதில் ஒன்றும் கோளாறில்லை. தையல்நாயகிக்குச் சட்டென்று புரிந்தது. சின்ன வயதில் அவள் படித்த பள்ளிக்கூட ஆபீஸில் ஒரு பிரெஞ்சு டைப்ரைட்டர் இருந்தது. அதில் A-யும் Q-வும் இப்படித்தான் இடம் மாறி இருக்கும்.

"இது பிரெஞ்சு கீ போர்டுக்குச் சொல்லி வச்சிருக்காங்க. யாரோ ஏற்கெனவே ஓட்டின டிஸ்க்கு."

தங்கள் ஃபிளாப்பியைப் போட்டு மெஷினை மறுபடி கிளப்பினாள். எழுத்துகள் ஒழுங்குக்கு வந்தன. டிஸ்குக்குள் என்ன இருக்கிறதென்று பட்டியல் கேட்டாள். திரை நிறைய வரிசையாகப் பெயர்கள் வந்தன. எல்லாம் பிரெஞ்சு. ஒரு பெயரில் அவள் விரல் நின்றது.

ரெத்ரேத்.

பாண்டிச்சேரியில் பிரெஞ்சு தெரியாதவருக்கும் தெரிந்த பிரெஞ்சு வார்த்தை அது. பென்ஷன். மாசாமாசம் அந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டு வரிசையில் நிற்கிற குடும்பங்கள் முத்தியால்பேட்டையில் தெருவுக்கு ரெண்டு இருக்கும்.

பக்கத்தில் தேதி. கடைசியாக அந்த ஃபைலைத் தொட்ட தேதி. போன மாதம் பதினாலு.

வகுப்பில் பட்டியல் போடச் சொல்லிக்கொடுக்கிற அதே டிபேஸ் ஃபிளாப்பியைப் போட்டு அந்த ஃபைலைத் திறந்தாள். முந்நூற்றுச் சொச்சம் ஆட்கள். பேர், பிறந்த தேதி, வேலையில் சேர்ந்த நாள், இடையில் எத்தனை மாதம் வராமல் இருந்தார்கள், எப்போது ஓய்வு. ஒரு சாதாரண கம்பெனியின் சாதாரண ஜனங்கள். பக்கம் பக்கமாக மேலே ஏறிப் போய்க்கொண்டே இருந்தார்கள்.

நிறுத்தினாள்.

"அண்ணே."

அரிகிருஷ்ணன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார்.

"கடைல விக்கிற டிஸ்க்குல போன மாசம் வரைக்கும் ஆளுங்களோட பென்ஷன் கணக்கு எப்படிண்ணே இருக்கும்?"

கிருஷ்ணசாமி மனைவியையும் மச்சானையும் மாறி மாறிப் பார்த்தான்.

"தூக்கிப் போட்டதுதான் பாப்பா" என்றார் அரிகிருஷ்ணன். "கம்பெனில எல்லாத்துக்கும் புது மெஷின் வந்துது. பழசெல்லாம் கீழ கெடங்குல கொண்டாந்து குமிச்சிட்டாங்க. சும்மா கெடந்துது. மழத்தண்ணி வேற எறங்குது அங்க. நீங்க ரெண்டு பேரும் ஒண்ணர வருஷமா எதுக்கு ஏங்கிக்கிட்டு இருக்கீங்களோ அத அவங்க குப்பையா அடுக்கி வச்சிருக்காங்க."

"கேட்டு எடுத்தியா?"

"கேக்கல."

அவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மாணவர்கள் உட்காரும் நாற்காலி அது. பட்டாளத்து உடம்புக்கு அது சின்னதாக இருந்தது.

"கடைலயும் போயி விசாரிச்சேன். நம்மால ஆவற பொருள் இல்ல அது. ஆனா நீ எழுதிக்கிட்டே இருந்த. பிரான்ஸுல இருக்கிற அண்ணன் இதக்கூடவா செய்ய மாட்டான்னு... நீ அப்படி எழுதல. நான் அப்படித்தான் படிச்சேன்."

ஆறு கடிதங்களும் அவள் கையெழுத்து. நாலாவது கடிதத்தில், 'உன்னை நம்பித்தான் பசங்களிடம் சொல்லியிருக்கிறோம்' என்று எழுதியது நினைவுக்கு வந்தது.

"கீழ போட்டதுல எது நல்லா இருக்கும்னு எனக்குத் தெரியாது. மெஷினத் தெரிஞ்ச பையன் ஒருத்தன்கிட்ட ஒங்க கடுதாசியக் காமிச்சேன். பதினாலாம் நம்பர்ல இருக்குன்னான். ராத்திரி காவல்ல கழட்டிக்கிட்டேன். ரெண்டு நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது, பதினாலாம் நம்பர்ல இருந்தத இன்னும் புது மெஷினுக்கு மாத்தவே இல்ல. வரிசைல வச்சிருந்தாங்களாம். மத்ததெல்லாம் மாத்திட்டாங்க. இது ஒண்ணுதான் பாக்கி."

"அப்ப இந்தக் கணக்கு வேற எங்கயும் இல்லியா?" என்றான் கிருஷ்ணசாமி.

"இல்லன்னுதான் அலறுறாங்க. காகிதத்துலேருந்து மறுபடி எடுக்கணுமாம். பாதிக் காகிதம் இல்லியாம்."

"அதுக்குத்தான் பார்மட்டு பார்மட்டுன்னு அவசரப்பட்டீங்களா?"

அரிகிருஷ்ணன் தலையை ஆட்டினார். "அழிஞ்சுட்டா யாருதுன்னு தெரியாது இல்ல."

"உன்ன யாரும் கேக்கலியா?" என்றாள் தையல்நாயகி.

அவர் உள்ளங்கையால் முழங்காலைத் தேய்த்துக்கொண்டார்.

"கேட்டாங்க. தெரியாதுன்னுட்டேன். அன்னிக்கு ரெண்டு பேரு காவல். நானும் இராமதாஸும். காரைக்கால்காரரு. என்னைவிட அஞ்சு வயசு பெரியவரு. கெடங்குச் சாவி அன்னிக்கு அவருகிட்ட இருந்ததா நோட்டுல எழுதியிருக்கு. அவரு தூங்கும்போது நான்தான் எடுத்தேன். இப்ப அவர வேலைய விட்டு நிறுத்தி வச்சிருக்காங்க."

"நீ வக்கான்ஸ்னு சொல்லிக் கெளம்பி வந்துட்ட."

"டிக்கட்டு முன்னயே எடுத்தது பாப்பா."

"அதுக்காக?"

அவர் எழுந்து பையை மூடி ஓரமாக வைத்தார்.

மத்தியானம் சமைத்தது அப்படியே இருந்தது. பெரிய மார்க்கெட்டில் அண்ணனுக்கென்று தேடி வாங்கி வந்த வஞ்சிரம் சட்டியில் ஆறிக்கொண்டிருந்தது. யாரும் உட்காரவில்லை. அரிகிருஷ்ணன் பின்பக்கம் போய்ப் படுத்துக்கொண்டார். தூங்கவில்லை என்பது மூச்சில் தெரிந்தது.

முன்னறையில் டிஸ்க் அந்த ஒரே சீரான ஓசையோடு ஓடிக்கொண்டிருந்தது. அணைக்க கிருஷ்ணசாமிக்கு மனசு வரவில்லை.

"ஒண்ணு பண்ணலாம்" என்றான் தாழ்ந்த குரலில். "அவங்க கணக்க ஃபிளாப்பில காப்பி எடுத்துடலாம். முப்பது நாப்பது ஃபிளாப்பி ஆவும். பேரு போடாம கம்பெனிக்குத் தபால்ல அனுப்பிடுவோம். அவங்களுக்கு வேண்டியது கணக்குதானே? டிஸ்க்கு எப்படியும் குப்பைக்குப் போவப் போறதுதான்."

"இராமதாஸு?"

"கணக்கு வந்துட்டா அவர விட்டுடுவாங்க."

"எப்படி விடுவாங்க? பாண்டிச்சேரி தபால் முத்திரையோட வந்தா, காரைக்கால்காரன் தன் ஊரு ஆளுங்கள விட்டு அனுப்ப வச்சிட்டான்னுதானே சொல்லுவாங்க?"

அவன் அதை யோசித்திருக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"எனக்கும் புரியுது தையலு. ஆனா பதினெட்டுப் பேரு இருந்த எடத்துல பன்னெண்டு பேருதான் இருக்காங்க. தீவாளிக்கு அப்புறம் எத்தினி பேரு நிப்பாங்களோ. மில்லுலதான் வேல போச்சு, அது என் கைல இல்ல. இது என் கைல இருக்குன்னு நெனச்சேன். காலைல அந்த C வந்து நின்னப்ப, எனக்கு என்னமோ..."

முடிக்கவில்லை. தையல்நாயகி அவன் தோளில் கை வைத்தாள். சண்டை போடத் தயாராக இருந்தவளுக்கு அந்தப் பாதி வாக்கியத்துக்கு முன்னால் சண்டை வரவில்லை. வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிடவும் முடியவில்லை. இந்தக் காரியத்தில் அண்ணன் பங்கு எவ்வளவு, தன் ஆறு கடிதங்களின் பங்கு எவ்வளவு என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"உங்க இஷ்டம்னு நான் சொல்ல மாட்டேன்" என்றாள். "ஆனா நானா கழட்டவும் மாட்டேன். நீங்க மாட்டினது. நீங்களே சொல்லுங்க."

அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பேர்கள், தேதிகள்.

"அந்த ஆளுக்குப் புள்ளைங்க இருக்கா?" என்று திடீரென்று கேட்டான்.

"தெரியாது."

ஐந்து மணிக்கு சாயங்கால வகுப்பு. நாலே முக்காலுக்கே வாசலில் குடை மடக்கும் சத்தம் கேட்டது. வைத்திக்குப்பத்து அஞ்சலாட்சி. படிப்பு முடிந்து இரண்டு வருஷம் வீட்டில் இருந்துவிட்டு, இங்கே சேர்ந்தவள். ஊருக்கு வெளியே மேட்டுப்பாளையத்தில் ஒரு பாக்டரி ஆபீஸுக்கு வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். அங்கே ஹார்ட் டிஸ்க் வைத்த மெஷினில்தான் பரீட்சை வைப்பார்கள் என்று யாரோ சொல்லிவிட்டதிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை.

பின்னாலேயே இன்னும் மூன்று பேர். மூடி கழற்றிய மெஷினையும் அதற்குள் கறுப்பாக இருந்ததையும் பார்த்து நாலு பேரும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

"வந்துடுச்சா சார்?" என்றாள் அஞ்சலாட்சி. மழையில் நனைந்த முகம் அப்படியே விரிந்தது. "நேரு வீதில இருக்கற மாதிரி டூ எய்ட்டி சிக்ஸா சார் இது?"

கிருஷ்ணசாமி அவளைப் பார்த்தான். டிஸ்க் வந்து சேர்ந்து ஒரு நாள்கூட ஆகவில்லை, அதற்குள் அடுத்தது. அவனுக்குக் கோபம் வரவில்லை. மெதுவாகச் சிரித்தான். அது சிரிப்பா என்பதுகூட அவளுக்குத் தெரிந்திருக்காது.

தையல்நாயகி அவன் முகத்தையே பார்த்தாள்.

"வந்துச்சு" என்றான் கிருஷ்ணசாமி. "ஆனா நம்பளுது இல்லம்மா. வேற எடத்துக்குப் போவ வேண்டியது, மாறி வந்துடுச்சு. அனுப்பணும்."

"ஐயோ!"

"உள்ள வாங்க. கழட்டறதுக்கு முன்னாடி ஆளுக்கு அஞ்சு நிமிஷம் உக்காந்து பாருங்க. C-க்கு எப்படிப் போறது, எப்படி வர்றது, அவ்ளோதான். வேற எதையும் தொடக் கூடாது. இன்னொருத்தர் சாமான் அது."

அஞ்சலாட்சி கையைத் தாவணியில் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். அவன் பக்கத்தில் நின்றுகொண்டு சொல்லச் சொல்ல, அவள் ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள்.

தையல்நாயகி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அண்ணனிடம் சொல்ல உள்ளே திரும்பியபோது, வாசலில் மருந்துக்கடை தெய்வசிகாமணியின் குரல் கேட்டது. தலையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு நாலு வீடு ஓடி வந்திருந்தார். இந்தத் தெருவில் போன் அவர் கடையில் மட்டும்தான்.

"டீச்சரம்மா! பிரான்ஸுலேருந்து போனு. லைனுல இருக்காங்க, சீக்கிரம் வாங்க!"

பின்கட்டிலிருந்து அரிகிருஷ்ணன் எழுந்து வந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது.

"தனக்கொடியாத்தான் இருக்கும். கம்பெனிக்காரங்க விசாரிக்கச் சொல்லியிருப்பாங்க. நான் மெட்ராஸுல தங்கிட்டேன்னு சொல்லு பாப்பா. இன்னும் வந்து சேரலன்னு சொல்லு."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு மழையில் இறங்கினாள்.

மருந்துக்கடையில் போன் கவிழ்த்து வைத்தபடி மேஜைமேல் கிடந்தது. எடுத்து, மறு காதை விரலால் அடைத்துக்கொண்டாள். கடலுக்கு அடியிலிருந்து வருவது மாதிரி இரைச்சல். அதற்குள்ளிருந்து அண்ணியின் குரல்.

"தையலு? உங்கண்ணன் வந்து சேந்தாரா?"

ஒரு நொடி. எதிரே அலமாரியில் வரிசையாக இருமல் மருந்துப் பாட்டில்கள். அவற்றையே பார்த்தாள்.

"வந்துட்டாரு அண்ணி. நம்ம வீட்லதான் இருக்காரு."

"அப்பாடா. போனதுலேருந்து ஒரு தகவல் இல்ல, கதிகலங்கிப் போயிட்டேன். இரு, இங்க ஒருத்தர் அவரப் பத்தி விசாரிச்சுக்கிட்டே இருக்காரு. நேத்தும் வந்தாரு, இன்னிக்கும் வந்திருக்காரு. பேசு."

குரல் மாறியது. வயதான, பொறுமையான குரல்.

"வணக்கம்மா. நான் இராமதாஸு. அரிகூட வேலை செய்யறவன். பத்திரமா வந்து சேந்தாராம்மா? கெளம்பறப்ப மொகமே சரியில்ல, ஒடம்பு கிடம்பு முடியலையோன்னு மனசு கெடந்து அடிச்சுக்குது. இங்க வேலைல எனக்கு ஒரு சின்னச் சிக்கல். அதெல்லாம் அவருகிட்ட இப்பச் சொல்ல வேணாம். திரும்பி வந்தப்புறம் எனக்காக ஒரு வார்த்த பேசினார்னா போதும். அவரு சொன்னா கேப்பாங்க. அலோ? கேக்குதாம்மா?"

தையல்நாயகி போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டாள்.

கடை வாசலில் நிழல் தட்டியது. திரும்பினாள். அரிகிருஷ்ணன் குடை இல்லாமல் வந்து கீழ்ப்படியில் நின்றுகொண்டிருந்தார். சட்டையெல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தது. யார் பேசுகிறார்கள் என்று அவள் முகத்தைப் பார்த்தே அவருக்குத் தெரிந்துவிட்டது. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். வேண்டாம், வேண்டாம்.

"கேக்குதுங்க" என்றாள் தையல்நாயகி போனில். "எங்கண்ணன் இங்கதான் நிக்கறாரு. அவரே பேசுவாரு."

போனை நீட்டினாள். கறுப்பு ஒயர் முழு நீளத்துக்கும் இழுபட்டு, அதற்கு மேல் வரமாட்டேன் என்று நின்றது. மீதி தூரம் அவர்தான் வரவேண்டும்.

போனுக்குள்ளிருந்து சின்னதாக, "அரி? அரிதானா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

தெய்வசிகாமணி ஒன்றும் புரியாமல் இருவரையும் பார்த்தார்.

அரிகிருஷ்ணன் மேல்படியில் கால் வைத்தார். ஈரக் கையைச் சட்டையில் துடைக்கப் பார்த்தார். சட்டையும் ஈரம்.